சிறுவிமானத்தில் யாழ்ப்பாணம்: ரத்மலானையிலிருந்து பலாலிக்கு ஒரு விடுமுறைப் பயணத்தைத் திட்டமிடும் முறை

பகிடிக்குச் சொல்லவில்லை. சிறுவிமானத்தில் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போக நினைத்தால், முதல் வேலையாகத் திரும்பும் நாளுக்கு ரயிலில் இருக்கை பதிந்துவிடுங்கள். விமானம், பெற்றோல், வரைபடம் எல்லாம் அப்புறம். அந்த ரயில் டிக்கெட்டின் காசு வீணாகப் போனால் நல்லது. வீணாகாமல் போனால் இன்னும் நல்லது. ஏன் என்பது போகப் போக விளங்கும்.

இந்தப் பாதை புதிதல்ல. 1947 டிசம்பர் 10 அன்று எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் சேவை, 'சீதாதேவி' என்ற டக்கோட்டா விமானத்தில், கொழும்பை அடுத்த ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் போனது. அன்று காங்கேசன்துறை என்று சொன்னது இன்றைய பலாலியைத்தான். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை அமைத்த ஓடுபாதை அது. 2019 ஒக்டோபர் 17 முதல் யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையம். செஸ்னா 172 போன்ற நாலு இருக்கைச் சிறுவிமானத்துக்கு அந்த ஓடுபாதை தேவைக்கு மேல் நீளம். சிக்கல் ஓடுபாதையில் இல்லை, இடையில் உள்ள நூற்றுத் தொண்ணூற்றைந்து கடல்மைலிலும் (ஒரு கடல்மைல் 1.85 கிலோமீற்றர்) உங்கள் நாட்காட்டியிலும் இருக்கிறது.

எந்த மாதம்?

எங்கள் ஊர்க் கடற்றொழிலாளரிடம் கேட்டால் இரண்டு காற்றைச் சொல்வார்கள்: வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம், கார்த்திகை முதல் மாசி வரை வாடை. சோளகம் தென்மேற்கிலிருந்து, வாடை வடகிழக்கிலிருந்து. இப்போது பலாலி ஓடுபாதையின் இலக்கத்தைப் பாருங்கள்: 05/23. அதாவது ஒரு முனையிலிருந்து புறப்பட்டால் 50 பாகையை, அதாவது வடகிழக்கை, நோக்குவீர்கள். மறுமுனையிலிருந்து 230 பாகையை, தென்மேற்கை. இரண்டு பெருங்காற்றும் ஓடுபாதையின் நீளவாக்கிலேயே வீசுகின்றன. ரத்மலானையின் 04/22-உம் ஏறக்குறைய அப்படித்தான். ஆகவே யாழ்ப்பாணத்தில் சோளகம் தென்னையை வளைத்து வீசும்போதும் குறுக்குக்காற்றுப் பயம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இராது. ஓடுபாதைக்கு வெளியே, சுற்றிவரும்போது உலுக்கும், அது வேறு.

மழைக் கணக்கு இதைவிட முக்கியம். யாழ்ப்பாணத்தின் மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. வங்காள விரிகுடாவின் புயல்களும் அந்தக் காலத்தில்தான்: 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசம்பரில் புரேவி. கொழும்புப் பக்கமோ மே, ஜூனிலும் மழை, ஒக்டோபர், நவம்பரிலும் மழை. இரண்டு முனையும் ஒன்றாகக் காய்ந்திருப்பது ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரை. முதல் தடவை போகிறவர் அந்த இடைவெளியையே பிடிக்கட்டும். ஒரே குறை, தை, மாசிக் காலைகளில் அனுராதபுரம், வவுனியாப் பக்கம் தரையோடு பனிமூட்டம் படிந்து கிடக்கும். ஒன்பது மணிக்குள் பெரும்பாலும் கலையும்.

நல்லூர்த் திருவிழாவுக்குப் போக ஆசை என்றால் அது ஆடி, ஆவணியில் 25 நாள். சோளகக் காலம். யாழ்ப்பாணத்தில் வெயில், ரத்மலானையில் தாழ்ந்த முகில் என்று இருக்கலாம். போகலாம், ஆனால் ஒரு நாள் முன்னும் ஒரு நாள் பின்னும் இடம் விட்டு. மார்ச் கடைசி, ஏப்ரல், ஒக்டோபர் ஆகிய இடைப்பருவ மாதங்களில் பின்னேரம் இடிமுகில் எழும்பும். அந்தக் காலத்தில் காலைப் பயணம் மட்டும்.

தைப்பொங்கலுக்கு என்று சொல்லி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது பட்டக் காலம். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பொங்கலன்று ஏறும் பட்டங்கள் சின்னப் பிள்ளையின் விளையாட்டுச் சாமான் அல்ல. ஆள் உயரத்துக்கும் மேற்பட்டவை, உறுதியான நூலில், நல்ல உயரத்தில் நிற்பவை. வல்வெட்டித்துறை பலாலிக்குக் கிழக்கே பத்துப் பதினொரு கிலோமீற்றர்தான். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு கதைக்கும்போது இதையும் கேளுங்கள், கரையோரமாகத் தாழப் பறந்து வேடிக்கை பார்க்க நினைக்காதீர்கள்.

அனுமதிப்பத்திரம், விமானம்

தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்கு சர்வதேசக் குறைந்தபட்சம் 17 வயது, 40 மணிநேரப் பறப்பு. அதில் தனியாக ஒரு 150 கடல்மைல் பயணமும் இரண்டு வெவ்வேறு நிலையங்களில் இறங்குவதும் அடங்கும். கனடாவிலோ இங்கிலாந்திலோ அனுமதிப்பத்திரம் எடுத்தவர்கள், 4ஆர் என்று தொடங்கும் இலங்கைப் பதிவு விமானத்தை அதை வைத்து நேராக ஓட்ட முடியாது. சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையிடம் அங்கீகாரம் பெற வேண்டும். விடுமுறையில் வந்து இறங்கிய பிறகு தொடங்குகிற வேலை அல்ல இது; மாதங்களுக்கு முன்பே எழுதிப் போடுங்கள். இன்னொன்று, தனியார் விமானி ஆள் ஏற்றிக் காசு வாங்கக் கூடாது. மச்சானிடம்கூட.

விமானத்தை வாடகைக்கு எடுக்கும்போது மூன்று கேள்வி: வெளியூரில் இரவு நிறுத்தலாமா, காப்புறுதி அதற்கும் சேர்த்தா, காலநிலையால் நான் திரும்ப முடியாமல் போனால் நாளொன்றுக்கு என்ன கட்டணம்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். அதன் விடை உங்களைப் பயமுறுத்தினால் வேறிடம் பாருங்கள். காசுக் கணக்கு தலையில் இருக்கிறவர் முகிலை ஒழுங்காகப் பார்க்கமாட்டார்.

கடந்த 90 நாளில் மூன்று தடவையாவது ஏறி இறங்கியிருக்காவிட்டால், ஆட்களை ஏற்றும் முன் பயிற்றுநரோடு ஒரு மணிநேரம் பறந்துவிட்டு வாருங்கள்.

பாதையைக் கீறுதல்

ரத்மலானைக்கும் பலாலிக்கும் நேர்கோடு போட்டால் ஏறக்குறைய 179 கடல்மைல், கிட்டத்தட்ட நேர் வடக்கு. வரைபடத்தில் அழகாக இருக்கும். ஆனால் அந்தக் கோடு கட்டுநாயக்க சர்வதேச விமான நிலைய ஓடுபாதைக்கு ஒன்றரைக் கடல்மைல் பக்கத்தால் போகிறது. அப்புறம் வில்பத்துக் காட்டின் நடுவால். எஞ்சின் இருமினால் இறங்குவதற்கு யானைப் பாதைதான் மிச்சம். கடைசியில் பூநகரிக்கு மேற்கே கடல்நீரேரி.

நான் கீறுகிற பாதை இது: ரத்மலானை, மாகோ, அனுராதபுரம், வவுனியா, ஆனையிறவு, பலாலி. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 195 கடல்மைல். நேர்கோட்டைவிடப் பதினாறு அதிகம், 110 நொட் (மணிக்கு 110 கடல்மைல்) வேகத்தில் ஒன்பது நிமிடத்துக்குள். அந்த ஒன்பது நிமிடத்துக்கு என்ன கிடைக்கிறது? மாகோவிலிருந்து ஆனையிறவு வரை ரயில் தண்டவாளம் துணைக்கு வருகிறது. வவுனியாவிலிருந்து ஏ9 வீதியும் சேர்ந்துகொள்கிறது. ஜிபிஎஸ் செத்தாலும் வழி தவறாது. வழியில் அனுராதபுரத்திலும் வவுனியாவிலும் விமானப்படை ஓடுபாதைகள். அவசரமென்றால் அவை உங்களுடையவை. சும்மா இறங்கிப் பார்ப்பதற்கு அல்ல. கட்டுநாயக்கவுக்குக் கிழக்கே ஏழெட்டுக் கடல்மைல் தள்ளிப் போகிறீர்கள் என்றாலும் அது கட்டுப்பாட்டு வான்பரப்புத்தான். அவர்கள் சொல்கிற உயரம், சொல்கிற திசை. உங்கள் கோட்டில் அந்தப் பகுதியைப் பென்சிலால் போடுங்கள்.

குளங்களை நம்பி வழி கண்டுபிடிக்கப் போகிறவர் கவனம். கலாவெவ, நுவரவெவ, இரணைமடு எல்லாம் மேலிருந்து அருமையான அடையாளம்தான், ஆனால் மாரியில் பார்த்த குளம் ஆவணியில் பாதியாகச் சுருங்கியிருக்கும். வன்னியில் பெயர் தெரியாக் குளம் நூறு. குளத்தையும் தண்டவாளத்தையும் சேர்த்துப் பாருங்கள், இரண்டும் ஒத்துவந்தால் மட்டும் நம்புங்கள்.

உயரத்தில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. கண்பார்வை விதிப்படி, அதாவது வெளியே பார்த்தே வழிபிடித்து, பறப்பவர், 3,000 அடிக்கு மேல், காந்தத் திசை 0 முதல் 179 வரை என்றால் ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500 சேர்த்த உயரத்தில் போக வேண்டும்: 3,500, 5,500. 180 முதல் 359 வரை என்றால் இரட்டைப்படை: 4,500, 6,500. வடக்கே போகிறோம், எனவே 3,500 என்று நீங்கள் எழுதிவிடுவீர்கள். வவுனியா வரை அது சரி. வவுனியாவிலிருந்து ஆனையிறவுக்கு உள்ள கோடு வடக்கிலிருந்து சற்று மேற்கே சாய்கிறது, ஏறக்குறைய 356 பாகை. அந்த இடத்திலேயே விதி மாறிவிடுகிறது. நான் அங்கே 4,500-க்கு ஏறுவேன். கீழே காடு, உயரம் கூடினால் எஞ்சின் நின்ற பிறகு யோசிக்க நேரம் கூடும். செஸ்னா 172 ஆயிரம் அடிக்கு ஒன்றரைக் கடல்மைல் சறுக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டாளர் வேறு உயரம் சொன்னால் அதுதான் உயரம். திரும்பி வரும்போது இதே கணக்கு தலைகீழ்.

காந்த விலகல், அதாவது திசைகாட்டியின் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம், இலங்கையில் இரண்டு மூன்று பாகைக்குள், மேற்கே. புறக்கணிக்கத் தோன்றும். அறுபது கடல்மைலுக்கு ஒரு பாகை பிழைத்தால் ஒரு கடல்மைல் விலகுவீர்கள். மூன்று பாகையோடு 195 கடல்மைல் போனால் பத்துக் கடல்மைல் தள்ளி எங்கோ நிற்பீர்கள். வடக்கே அப்படித் தள்ளுவது நல்லதல்ல. பாக்குநீரிணையின் பாதிக்கு அப்பால் இந்தியா. திருச்சி பலாலியிலிருந்து வெறும் நூறு கடல்மைல், ரத்மலானையைவிடக் கிட்ட. ஆசையாக இருக்கும். அதற்கு இரு நாட்டு அனுமதி, சுங்கம், குடிவரவு என்று தனிக் கதை. முதல் விடுமுறையில் அதைக் கலக்காதீர்கள்.

பெற்றோலும் நிறையும்

இந்த இரண்டையும் ஒன்றாகத்தான் போட வேண்டும், ஏனென்றால் ஒன்று மற்றதைத் தின்னும்.

விமானப் பெற்றோல் நீல நிறம், சிறுவிமானங்களுக்கான ஈயம் கலந்த நூறு ஒக்டேன் வகை. அது எல்லா நிலையத்திலும் கிடைக்காது. பெரிய விமானத்துக்கு ஊற்றுவது மண்ணெண்ணெய் இனம், உங்கள் எஞ்சினுக்கு நஞ்சு. ஆகவே போய்த் திரும்புவதற்கான முழுப் பெற்றோலையும் ரத்மலானையிலேயே ஏற்றுவதாகக் கணக்குப் போடுங்கள். அங்கே கிடைக்குமென்று எழுத்தில் உறுதி வந்தால் கணக்கை மாற்றலாம்.

சோளகக் காலம் என்று வைப்போம். பாதை முழுவதும் சராசரி 10 நொட் பின்காற்று. போகும்போது தரைவேகம் 120, நேரம் 1 மணி 38 நிமிடம். வரும்போது அதே காற்று எதிரே. தரைவேகம் 100, நேரம் 1 மணி 57 நிமிடம். மணிக்கு 34 லீற்றர் என்றால் போக 55, வர 66. இரண்டு தடவை எஞ்சினை இயக்கி ஓடி ஏற 12. இதுவரை 133. பகலில் கண்பார்வைப் பறப்புக்கு விதி கேட்பது 30 நிமிட இருப்பு. நான் ஒரு மணிநேரம் வைப்பேன், 34 லீற்றர். ரத்மலானையில் மழை என்றால் பக்கத்து நிலையம் போக இன்னொரு 13. மொத்தம் 180 லீற்றர்.

லீற்றருக்கு 0.72 கிலோ. 180 லீற்றர் ஏறக்குறைய 130 கிலோ. இப்போது விமானம். செஸ்னா 172எஸ் வகையின் உச்ச நிறை 1,157 கிலோ. வெற்று நிறை உங்கள் விமானத்தின் புத்தகத்தில் இருக்கும். 780 என்று வைப்போம். மிஞ்சுவது 377. பெற்றோலைக் கழித்தால் 247 கிலோ. அதில் நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள், பைகள். நாலு பெரியவர்கள் என்றால் பைக்கு இடமில்லை. நாலு இருக்கை என்பதால் நாலு பேர் ஏறலாம் என்று அர்த்தமில்லை.

குளியலறைத் தராசை எடுத்து எல்லோரையும் ஏற்றுங்கள். கேட்டு எழுதாதீர்கள். எங்கள் வீட்டில் சொன்ன நிறைக்கும் தராசு காட்டிய நிறைக்கும் மொத்தத்தில் பத்தொன்பது கிலோ வித்தியாசம், யார் எவ்வளவு என்று இங்கே எழுதினால் எனக்குச் சோறு கிடைக்காது.

போகும்போது சரியாக இருக்கிற நிறை திரும்பும்போது சரியாக இருக்காது. யாழ்ப்பாணத்திலிருந்து யார் வெறுங்கையோடு வந்திருக்கிறார்கள்? ஒடியல், பனாட்டு, அரைத்த மிளகாய்த்தூள், நல்லெண்ணெய், முருங்கைக்காய், காலம் சரியென்றால் கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பெட்டி. பயணப்பை வைக்கும் பின்பகுதிக்கும் தனி எல்லை உண்டு, 54 கிலோ. அங்கே நிறை கூடக்கூட விமானத்தின் நிறைமையம் பின்னே போகும், மூக்கு தூக்கும், தடுமாறினால் மீட்பது கடினம். பெட்டியைப் பஸ்ஸில் போட்டுவிடுங்கள். மாமி கோபிப்பா, ஆறிப்போகும்.

வெக்கையையும் மறக்காதீர்கள். கடல்மட்டத்தில் 33 பாகை வெயிலில் விமானம் 2,200 அடி மலையிலிருந்து புறப்படுவதாகத்தான் உணரும். பலாலியில் ஓடுபாதை நீளம், கவலையில்லை, ஆனால் ஏறும் வேகம் மந்தமாக இருக்கும். மத்தியானத்தில் முழு நிறையோடு புறப்படாமல் காலையில் புறப்படுவதற்கு அது இன்னொரு காரணம்.

அனுமதிகளும் தாள்களும்

பலாலியில் விமானப்படைத் தளமும் இருக்கிறது. எந்நேரமும் திறந்திருக்கும் ஊர்ச் சந்தை அல்ல. இறங்க, இரவு நிறுத்த, திரும்பப் புறப்பட முன்அனுமதி கேட்டு எழுத்தில் வாங்கி அச்செடுத்துக் கையில் வையுங்கள். விமானத் தரிப்பிடத்தில் படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

பறப்புத் திட்டத்தைப் புறப்படுவதற்கு ஒரு மணிநேரத்துக்கு முன்னாவது கொடுங்கள். அதில் நேரம் உலக நேரம். காலை 7 மணிக்குப் புறப்படுவதானால் 0130 என்று எழுத வேண்டும். 0700 என்று எழுதினால் நீங்கள் பகல் பன்னிரண்டரைக்குப் புறப்படுவதாகப் பலாலி காத்திருக்கும். நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன்.

விமானிகளுக்கான அறிவித்தல்களை, அதாவது நொட்டாம்களை, முதல் நாள் இரவும் புறப்படும் காலையும் பாருங்கள். ஓடுபாதை வேலை, விமானப்படைப் பயிற்சி எல்லாம் அதில்தான் வரும்.

காலை முடிவு

முதல் நாள் இரவு நான் ஒரு தாளில் மூன்று எண் எழுதி மனைவியிடம் கொடுப்பேன். முகில் அடி 2,000 அடிக்குக் கீழே, பார்வைத் தூரம் 8 கிலோமீற்றருக்குக் கீழே, குறுக்குக்காற்று 12 நொட்டுக்கு மேலே. மூன்றில் ஒன்று நடந்தாலும் பறப்பில்லை. சட்டம் இதைவிடத் தாராளமானது. கட்டுப்பாடற்ற வான்பரப்பில் தாழப் பறப்பவருக்கு 5 கிலோமீற்றர் தெரிந்து முகிலைத் தொடாமல் இருந்தால் போதும் என்கிறது. ஆனால் நான் விடுமுறைக்குப் போகிறேன், பரீட்சைக்கு அல்ல. தாளை ஏன் இன்னொருவர் கையில் கொடுக்கிறேன் என்றால், காலையில் நானே எண்ணை மாற்றுவேன். அனுபவம்.

முகில் அடியைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி: நிலைய அறிக்கையில் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள வித்தியாசத்தை 400-ஆல் பெருக்குங்கள். 31-உம் 25-உம் என்றால் 2,400 அடி. திரள்முகிலுக்கு மட்டும்தான் இது பொருந்தும், பனிமூட்டத்துக்கு இல்லை. ரத்மலானை, கட்டுநாயக்க, பலாலி மூன்றின் அறிக்கையையும் எடுத்துவிட்டு, வவுனியாவில் தெரிந்தவர் யாரும் இருந்தால் தொலைபேசியில் எடுத்து, 'வெளியில போய் வானத்தைப் பாருங்கோ' என்று கேளுங்கள். நடுப்பாதையில் என்ன நடக்கிறது என்பதை அவர் ஒருவர்தான் சொல்வார்.

விமானத்தைச் சுற்றிப் பார்க்கும்போது எங்கள் சூழலுக்கென்று இரண்டு விஷயம். ஒன்று, பெற்றோல் தாங்கியின் அடியில் தண்ணீர். ஈரக்காற்று இரவில் குளிர்ந்து உள்ளே நீராகும். வடித்துப் பார்த்து நீலம் மட்டும் வரும்வரை விடாதீர்கள். இரண்டு, குளவி. காற்றின் வேகத்தை அளக்கும் சிறு குழாய்க்குள் மண்குளவி ஒரே நாளில் கூடு கட்டிவிடும். அப்படியே புறப்பட்டால் வேகமானி பொய் சொல்லும். உறை போட்டே நிறுத்துங்கள், உறையைக் கழற்றியே புறப்படுங்கள்.

ஏற்றுகிறவர்களுக்கு

ஒன்றே முக்கால் மணிநேரம் கழிப்பறை இல்லை. காலைத் தேநீர் ஒன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். வெறும் வயிறும் ஆகாது, இடியப்பமும் சொதியும் வயிறுமுட்ட ஆகாது. இரண்டு துண்டு பாண் போதும். வாந்திப்பை ஒவ்வொருவர் கைக்கும். இறங்கும்போது பிள்ளைகள் மிட்டாய் சூப்பட்டும், காது அடைக்காது. கதவைத் திறப்பது எப்படி, இடுப்புப்பட்டி கழற்றுவது எப்படி என்று ஒவ்வொருவரையும் ஒருதரம் செய்ய வையுங்கள். கேட்டால் போதாது, கை செய்ய வேண்டும். கரையோரமாகப் பறப்பதானால் உயிர்காப்பு அங்கி உடம்பில், ஊதாமல். உள்ளே ஊதினால் கூரையில் ஒட்டிக்கொண்டு வெளியே வர முடியாது.

விமானிக்கு: குடித்து எட்டு மணிநேரம் கழியாமல் ஏறக் கூடாது என்பது பரவலான விதி. கள்ளுக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருக்கிறீர்கள் என்றால் ஒரு முழு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனையிறவுக்குப் பிறகு

தரவைகளும் நீரும் மினுங்கத் தொடங்கினால் ஆனையிறவு. அங்கே வடமேற்காகத் திரும்பினால் பளையின் காற்றாலைகள் தெரியும். தாழ்ந்த முகிலுக்குக் கீழே நசுங்கி வருகிறவருக்குத்தான் அவை ஆபத்து, அப்படி வரவேண்டிய நிலை வந்தால் வவுனியாவிலேயே திரும்பியிருக்க வேண்டும். பளைக்கும் கொடிகாமத்துக்கும் இடையில் இறங்கத் தொடங்குங்கள்: 4,500 அடியிலிருந்து, ஓடுபாதையைச் சுற்றிவரும் உயரமான 1,000-க்கு 3,500 அடி, நிமிடத்துக்கு 500 என்றால் ஏழு நிமிடம், அதாவது 14 கடல்மைல். பழைய கார்புரேட்டர் எஞ்சின் என்றால் இறங்கும்போது சூடேற்றியைப் போடுங்கள். முப்பது பாகை வெயிலில் ஐஸ் எப்படி என்று கேட்கலாம். ஈரக்காற்று கார்புரேட்டருக்குள் விரியும்போது அவ்வளவு குளிரும்.

வாடைக் காலத்தில் கடல்நீரேரியில் பூநாரையும் நாரையும் கூட்டமாக நிற்கும். தாழப் பறந்து காட்ட வேண்டாம். மேலிருந்து இளஞ்சிவப்புத் திட்டாகத் தெரிவதே போதும்.

இறங்கியதும் விமானத்தைக் கயிறு போட்டுக் கட்டுங்கள், சொந்தக் கயிற்றோடு போங்கள். சில்லுக்கு முட்டு, குழாய்க்கு உறை, சுக்கானுக்குப் பூட்டு. நகரம் பதினாறு கிலோமீற்றர். யாரையாவது வரச் சொல்லிவிட்டுத்தான் பறக்கத் தொடங்க வேண்டும். கீரிமலை பக்கத்தில். மற்றதெல்லாம் சுற்றுலாக்காரர் எழுதுவார்கள்.

நாள் மிச்சம் இருந்து திருகோணமலைக்கும் ஒரு சுற்றுப் போக நினைத்தால், பலாலியிலிருந்து அங்குள்ள சீனக்குடா விமான நிலையம் நூறு கடல்மைல், அங்கிருந்து மட்டக்களப்பு 58. சோளகக் காலத்தில் அந்தக் கரையில் வெக்கைக் கச்சான் அடிக்கும், காலை அமைதி, பின்னேரம் உலுக்கல். புறாமலையில் சுவாசக் கருவியோடு சுழியோடியவர் ஒரு முழு நாள் கழித்தே ஏறலாம். மலைநாட்டுக்கு மேலால் குறுக்கே வரும் யோசனை வேண்டாம். பிதுருதலாகலை 2,524 மீற்றர், அதாவது 8,281 அடி, முகிலும் அங்கேதான் குடியிருக்கும்.

திரும்பும் நாள்

ஒரு ஒக்டோபர். காலை எட்டுக்குப் புறப்படுவதாக முடிவு. மாமி, 'ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோ' என்றார். நண்டுக் குழம்பு. புறப்பட்டபோது இரண்டு மணி. மச்சானுக்கு மறுநாள் கொழும்பில் வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். மாங்குளத்துக்கு மேல் வந்தபோது வவுனியாவின் மேலே இடிமுகில் ஒன்று சுண்ணாம்புச் சுவர்போல் எழும்பி நின்றது. இரண்டு பக்கத்தாலும் ஒரு வழி இருப்பதுபோல் தெரிந்தது, எப்போதும் அப்படித்தான் தெரியும். பின்னால் மச்சான், 'அந்த இடைவெளியால போகலாம்போல கிடக்கு' என்றார்.

திரும்பிப் பலாலிக்கே வந்தேன். அன்று எவருக்கும் ரயில் டிக்கெட் இல்லை. ஐந்து மணிக்கு ஓட்டோவில் பஸ் நிலையத்துக்குப் போய், இரவு பஸ்ஸில் கடைசி வரிசையில் மூவரையும் திணித்து அனுப்பினேன். மூன்று நாள் கழித்து ஒரு காலையில், தனியாக, தெளிந்த வானத்தில் விமானத்தைக் கொண்டுவந்தேன். வாடகை கூடியது. மச்சான் ஒரு மாதம் கதைக்கவில்லை.

அதிலிருந்துதான் டிக்கெட் முதலில் பதிகிற பழக்கம். திரும்பும் நாள் விடிய ஐந்தரைக்கு மூன்று எண்ணையும் பார்ப்பேன். சரி வந்தால் பலாலி. வராவிட்டால் குடும்பம் ரயிலுக்கு, நான் இன்னொரு நாள் மாமி வீட்டில். விமானத்தில் வருகிற நாளில் டிக்கெட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் யாருக்காவது சொல்லிப் பார்ப்போம், இல்லாவிட்டால் விட்டுவிடுவோம்.

ரத்மலானையில் எஞ்சினை நிறுத்தியதும் பறப்புத் திட்டத்தை மூடினீர்களா என்று பாருங்கள். மூடாமல் வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொண்டிருந்தால், அங்கே உங்களைத் தேடத் தொடங்கியிருப்பார்கள். அப்புறம் பின்பகுதியைத் திறந்து கைவிட்டுத் துழாவுங்கள். போன தடவை நான் எழுதிய நிறைக் கணக்கில் இல்லாத ஏழு மாம்பழம் அங்கே இருந்தது.